பனிக்காலத்திலும் பின்வளவில்

ரொறன்ரோவில் முதல் பனி விழுந்ததும் பின்வளவுக் கதிரைகளை அடுக்கிக் கட்டிவிடுகிறோம். அதற்கு அவசியமே இல்லை. நம்மை அங்கிருந்து விரட்டுவது பெரும்பாலும் காற்றுத்தான். வெப்பநிலை மைனஸ் 10 பாகை, காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் என்றால், உடம்புக்கு அது மைனஸ் 20 போல உறைக்கும். ஆகவே காசைச் செலவழிப்பதென்றால் முதலில் காற்றுத் தடுப்புக்குச் செலவழியுங்கள். இங்கே குளிர்காலக் காற்று கூடுதலாக மேற்கிலும் வடமேற்கிலும் இருந்துதான் வரும். அந்தப் பக்கத்தை மறைத்து, வெயில் படும் தெற்கைத் திறந்தே விடுங்கள். முழுச்சுவர் வேண்டாம், அதில் மோதும் காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று இறங்கும். சீடர் வேலியோ இடைவெளி விட்ட பலகைத் தட்டியோ காற்றின் வேகத்தை வடிகட்டிவிடும்.

வெளியில் காற்றைச் சூடாக்க முயல்வது வீண். அகச்சிவப்புக் கதிர் ஹீற்றர் ஆளையே நேராகச் சூடாக்கும். காலடியில் தடித்த விரிப்பும் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: புரொப்பேன் ஹீற்றரையோ கரியடுப்பையோ மூடிய கூடாரத்துக்குள்ளும் கராஜுக்குள்ளும் கொண்டுபோகாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலையிடி, குமட்டல் வந்தால் உடனே வெளியேறி 911ஐ அழையுங்கள்.