மூச்சும் மனமும்

கடும் நோயுற்றவரைக் காணச் செல்வோர் பெரும்பாலும் ஒரே ஆறுதலைக் கூறித் திரும்புகின்றனர். "மனத்தைத் தளரவிடாதீர்கள், மனத்தில் தைரியம் இருந்தால் நோய் தானே ஓடிவிடும்" என்பதே அது. நல்லெண்ணத்தில் பிறக்கும் மொழிதான். ஆயினும் அதன் முற்பாதியில் உள்ள உண்மை பிற்பாதியில் இல்லை. உள்ளத்திற்கும் உடலுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பு நோயில் எதைச் செய்யவல்லது, எதைச் செய்யமாட்டாதது என்பதைத் தெளிந்துகொள்வது நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பெரும்பயன் தரும். கோலார் தங்கவயல் மக்கள் நெடுங்காலம் அறிந்த நோய் ஒன்றைக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டில் தொடங்கிய சுரங்கப்பணி, 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும்வரை, ஏறத்தாழ 120 ஆண்டுகள் நடைபெற்றது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலத்தின்கீழ் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து, கம்பெனியின் லைன் வீடுகளில் குடியேறி, தலைமுறை தலைமுறையாக அவ்வாழத்தில் உழைத்தனர். அங்கே தங்கம் தனித்துக் கிடப்பதில்லை. குவார்ட்ஸ் என்னும் வெண்ணிறப் பாறையினுள் இழையோடிக் கிடக்கும். அப்பாறையைத் துளைத்து, வெடிவைத்துத் தகர்த்தே தங்கத்தைப் பெறவேண்டும். குவார்ட்ஸ் முழுவதும் சிலிக்காவே. துளையிடுந்தோறும் வெடிக்குந்தோறும் அதன் நுண்தூசி காற்றிற் கலந்தது.

பருந்தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கினும் சிறிய தூசியோ, நுரையீரலின் காற்று நுண்ணறைகள்வரை சென்று தங்கிவிடும். அங்குள்ள துப்புரவு உயிரணுக்கள் அதனை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க மாட்டாமல் அவையே மடிகின்றன. மடிந்த இடத்தில் தழும்பு தோன்றுகிறது. தழும்புகள் பெருகப் பெருக, பஞ்சுபோல் விரிந்து சுருங்கவேண்டிய நுரையீரல் இறுகிப்போகிறது. இதுவே சிலிக்கோசிஸ் என்னும் நோய். 1940 முதல் 1946 வரை தங்கவயலில் நடந்த மருத்துவப் பரிசோதனையில், 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளருள் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. தூசியைத் தணிக்க நீர் பாய்ச்சித் துளையிடும் முறை முதலிய தடுப்புகள் நாளடைவில் கையாளப்பட்டன. எனினும் ஒருமுறை விழுந்த தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வேலையை விட்டு நின்ற பின்னரும் நோய் முற்றக்கூடும். ஆதலால் சுரங்கம் மூடப்பட்டது என்பதால் நோயும் முடிந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை.

இத்தகைய நோயில் மனத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். எத்துணை மனவுறுதியும் கல்தூசியைக் கரைக்காது. ஆனால் நோயாளர் நாள்தோறும் படும் துன்பம் தழும்பன்று, மூச்சுத்திணறல். தழும்பு நுரையீரலில் உள்ளது. மூச்சுத்திணறலோ நுரையீரல், தசை, மூளை ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் உணர்வு. அங்கேதான் மனம் நுழைகிறது.

அச்சம் உடலில் என்னென்ன செய்கிறது என்பதை வால்டர் கானன் என்னும் அமெரிக்க உடலியல் அறிஞர் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஆபத்தை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் விறைக்கின்றன, மூச்சு வேகமடைகிறது. போரிடுவதற்கும் ஓடுவதற்கும் உடல் செய்யும் ஆயத்தம் இது. புலியைக் கண்டவனுக்கு இது உதவும். மாடிப்படியில் நின்று மூச்சுக்குத் தவிப்பவருக்கோ இதுவே பகையாகிறது. மூச்சு முட்டுகிறது என்றதும் அச்சம் எழுகிறது. அச்சத்தால் மூச்சு மேலும் விரைகிறது. விரைந்த மூச்சு போதாமல் அச்சம் இன்னும் பெருகுகிறது.

விரைந்த மூச்சு ஏன் போதாமற்போகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். உடல்நலமுள்ள ஒருவர் ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் காற்று ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். அதில் 150 மில்லிலிட்டர் மூச்சுக்குழாய்களிலேயே நின்றுவிடும். எஞ்சிய 350 மட்டுமே நுண்ணறைகளை அடைந்து பயன்படும். நிமிடத்திற்கு 12 முறை இவ்வாறு மூச்சுவிட்டால் மொத்தம் 6 லிட்டரில் 4.2 லிட்டர் பயன்படுகிறது. அவரே நிமிடத்திற்கு 24 முறை, முறைக்கு 250 மில்லிலிட்டராக, மேலோட்டமாக மூச்சுவிட்டால் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் மூச்சொன்றுக்கு 100 மட்டுமே உள்ளே சென்று, 2.4 லிட்டரே பயன்படுகிறது. உழைப்பு மிகுகிறது, ஊதியம் குறைகிறது. நோயுற்ற நுரையீரலுக்கு இந்த நஷ்டம் எவ்வளவு கொடிது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இச்சுழலை அறுப்பதற்கு எளிய பயிற்சிகள் உண்டு. திணறல் தொடங்கியதும் உட்கார்ந்து, சற்றே முன்சாய்ந்து, முழங்கைகளைத் தொடைகள்மீது ஊன்றிக்கொள்வது முதலாவது. இதனால் கழுத்தும் தோளும் தளர்ந்து மூச்சுத்தசைகளின் வேலை இலகுவாகிறது. இரண்டு எண்ணும்வரை மூக்கினால் இழுத்து, சூடான காப்பியை ஊதி ஆற்றுவதுபோல் உதடுகளைக் குவித்து, நான்கு எண்ணும்வரை மெல்ல வெளிவிடுவது இரண்டாவது. முகத்தில் மெல்லிய காற்றுப் படும்படி விசிறிக்கொள்வதும் திணறல் உணர்வைத் தணிப்பதாக மருத்துவ ஆய்வுகள் கண்டுள்ளன; பனையோலை விசிறியே இதற்குப் போதும். குளியல், உடுத்தல், நடை ஆகியவற்றை ஒரேமூச்சில் முடிக்க முயலாமல் இடையிடையே இளைப்பாறிச் செய்வதும் ஒரு பயிற்சியே.

இவற்றுடன் அளவான நடைப்பயிற்சியையும் நோய்பற்றிய விளக்கத்தையும் சேர்த்து, மருத்துவரின் மேற்பார்வையில் சில வாரங்கள் அளிக்கும் முறைக்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று பெயர். தூசியால் நுரையீரல் கெட்டவர்களும் இதனால் முன்னிலும் நெடுந்தூரம் நடக்கின்றனர். வியப்பு யாதெனில், கருவியால் அளந்து பார்க்கும்போது நுரையீரலின் திறன் பெரும்பாலும் பழைய நிலையிலேயே இருக்கிறது. தழும்பு குறையவில்லை, துன்பம் குறைந்தது. மனமும் உடலும் இணைந்து செய்யத்தக்க உதவியின் எல்லை ஏறத்தாழ இதுவே.

இவ்வெல்லையைக் கடந்து, மனம் ஆயுளையே நீட்டுமா என்பதை வேறொரு கொடிய நோயில் ஆராய்ந்து பார்த்துள்ளனர். முற்றிய மார்பகப் புற்றுநோயுற்ற 86 பெண்களைப்பற்றி டேவிட் ஸ்பீகல் என்னும் அமெரிக்க மனநல மருத்துவர் 1989-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார். வாரந்தோறும் கூடித் தம் அச்சங்களை மனம்விட்டுப் பேசிய பெண்கள், அவ்வாறு கூடாதவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்தனர் என்பது அம்முடிவு. உலகெங்கும் நம்பிக்கை எழுந்தது. ஆனால் கனடாவில் 235 பெண்களைக்கொண்டு நடத்தி 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெரிய ஆய்வில் ஆயுள் நீளவில்லை. மனவேதனையும் வலியும் மட்டும் தணிந்தன. முன்னரே மிகுந்த வேதனையில் இருந்தவர்களே அதிக நலம் பெற்றனர். இந்தத் தணிவு அற்பமானதன்று. நாம் வாக்களிக்கக்கூடியதும் இதுவே.

இதற்கு மேலும் வாக்களிப்பதில் ஒரு தீங்கு இருக்கிறது. தைரியத்தால் நோய் தீரும் என்றால், நோய் தீராதவர் தைரியமற்றவர் என்றாகிறது. நாற்பது ஐம்பது வயதிலேயே மூச்சிரைக்கும் சுரங்கத் தொழிலாளி மனம் தளர்ந்ததால் நோயுற்றவரல்லர்; தூசியைச் சுவாசித்ததால் நோயுற்றவர். அவருக்கு முதற்கண் உரியது அறிவுரையன்று. சரியான நோயறிதலும் மருத்துவமும் சட்டப்படியான நிவாரணமும் ஆகும். சிலிக்கோசிஸ் நம் நாட்டுச் சட்டத்தில் இழப்பீட்டிற்குரிய தொழில்நோயாகும். சிலிக்கா தங்கிய நுரையீரலில் காசநோய் எளிதிற் பற்றும். ஆகவே இருமலோ சளியோ இரண்டு வாரத்திற்குமேல் நீடித்தாலும், மாலைக்காய்ச்சல் வந்தாலும், உடல் மெலிந்தாலும், தாமதமின்றிச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். காசநோய்க்குரிய மருந்துகளை அரசு இலவசமாகவே வழங்குகிறது. அவற்றால் காசநோய் குணமாகும். அதனைத் "தூசி நோய்தானே, தீராது" என்று விட்டுவிடுதல் பெரும்பிழை. புகைபிடிப்பதை நிறுத்துவதும் இன்றியமையாதது.

குடும்பத்தாரும் அண்டை அயலாரும் செய்யத்தக்கதும் உண்டு. திணறும்போது சூழ்ந்து நின்று பதறினால் நோயாளரின் அச்சம் இரட்டிக்கும். ஒருவர் மட்டும் அருகமர்ந்து, முதுகில் கைவைத்து, மெல்ல எண்ணிக்கொடுத்தால் அவருடைய மூச்சு அவ்வெண்ணிக்கையைப் பின்பற்றும். உதடு நீலம் பாய்ந்தாலும், பேச இயலாமற்போனாலும், இளைப்பாறியும் திணறல் தணியாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். மற்ற நாட்களில், "தைரியமாக இருங்கள்" என்று கூறி விடைபெறுவதற்குப் பதிலாக, "உங்களுக்கு எதில் பயம்?" என்று கேட்டு, அவர் சொல்வதை இறுதிவரை இருந்து கேட்பது மேலான உதவி. இரவில் தனியே மூச்சுமுட்டுமோ என்பதே அவர் பயமாக இருக்கலாம். அப்பயத்திற்கு மருந்து, பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொள்ள ஒருவர் முன்வருவதுதான்.