பரண் மேல் கிடக்கும் பெட்டியில் அப்பாவின் குரல்!

"டக்... டக்... டக்..."

பழைய லேப்டாப் ஒன்று இப்படிச் சத்தம் போடுகிறது. திரையில் வட்டம் சுற்றிக் கொண்டே இருக்கிறது. படம் திறக்கவில்லை. நாம் என்ன செய்கிறோம்? அணைக்கிறோம். மறுபடியும் போடுகிறோம். தலையில் ஒரு தட்டுத் தட்டுகிறோம். மறுபடியும் போடுகிறோம்.

ஒவ்வொரு முறை போடும்போதும் உள்ளே இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக அழிகிறது. இது பலருக்குத் தெரியாது.

தர்மபுரி மாவட்டத்தில் இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு.

வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி. அன்று அண்ணா பிறந்த நாள். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ-மாணவிகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தை, அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கு மட்டும் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் என்று திட்டம். அதன் பிறகும் பல ஆண்டுகள் கொடுத்தார்கள்.

பென்னாகரம், பாலக்கோடு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி என்று இந்த மாவட்டத்தின் மூலை முடுக்குகளுக்கும் அந்தப் பெட்டி போய்ச் சேர்ந்தது. பல வீடுகளில் அதுவே முதல் கம்ப்யூட்டர். அதற்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்த தாய்மார்களும் இருப்பார்கள். தப்பில்லை. ஆயுத பூசைக்கு அரிவாளுக்கு வைக்கிறோம், மடிக்கணினிக்கு வைத்தால் என்ன?

பிள்ளைகள் அதில் படித்தார்கள். பாட்டுக் கேட்டார்கள். இன்னொரு காரியமும் நடந்தது. அந்தக் காலத்துச் செல்போனில் இடம் குறைவு. நூறு, இருநூறு படம் எடுத்தால் நிறைந்து விடும். நிறைந்ததும் எல்லாவற்றையும் லேப்டாப்பில் ஏற்றி விட்டுப் போனைக் காலி செய்தார்கள். அக்காள் கலியாணம், பாட்டியின் கடைசிப் பொங்கல், தம்பி முதன்முதல் நடந்தது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிற்று.

பிறகு பிள்ளைகள் வேலைக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போனார்கள். புதிய போன் வாங்கினார்கள். பெட்டி பரண் மேல் ஏறியது. அந்த முதல் பெட்டிகளுக்கு இப்போது பத்து வயது தாண்டி விட்டது.

கடையில் நடக்கும் பேச்சு

இப்படி ஒரு குடும்பத்தை நினைத்துக் கொள்ளுங்கள். அப்பா இறந்து விட்டார். திதிக்குப் படம் போட வேண்டும். நல்ல படம் எதுவும் கையில் இல்லை. "அந்த லேப்டாப்புல இருக்குதும்மா, அப்பா பேசின வீடியோ கூட இருக்குது" என்கிறாள் மகள். பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டிப் போட்டால் "டக்... டக்..." என்கிறது.

பஸ் ஏறிக் கடைக்குப் போகிறார்கள். அங்கே பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, இது ஆன் ஆக மாட்டேங்குதுங்க."

"விண்டோஸ் போயிருச்சுங்க அக்கா. புதுசா போட்டுரலாம். சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க."

"சரிங்கண்ணா."

ஆபத்து இந்த "சரிங்கண்ணா"வில்தான் இருக்கிறது. கடைக்காரர் மேல் தப்பில்லை. பெட்டி ஓட வேண்டும் என்று கேட்டார்கள். ஓட வைத்துக் கொடுக்கப் போகிறார். பெட்டி வேண்டாம், உள்ளே இருக்கும் அப்பா வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை!

உள்ளே என்ன இருக்கிறது?

லேப்டாப்பில் நாம் சேர்த்து வைப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க் என்னும் சிறு பெட்டியில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும். அதைத் தனியே கழற்றி எடுக்கலாம்.

அதற்குள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் வட்டத் தட்டு. அதன் மேல் மெல்லிய காந்தப் பூச்சு. உங்கள் படமும் பாட்டும் அந்தப் பூச்சில் காந்தப் புள்ளிகளாகப் பதிந்து கிடக்கின்றன. பழைய கிராமபோன் தட்டை நினைத்துக் கொள்ளுங்கள். கிராமபோனில் முள் தட்டைத் தொடும். இதில் தொடக் கூடாது!

மடிக்கணினித் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றும். அதாவது கண் சிமிட்டி முடிப்பதற்குள் பல சுற்று. அந்த வேகத்தில் எழும் காற்றின் மேல், படிக்கும் முனை மிதந்து போகிறது. தட்டுக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு தெரியுமா? தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. அடுப்புப் புகையின் ஒரு துகள் அந்த இடைவெளிக்குள் நுழைய முடியாது. அதனால்தான் மூடியை வீட்டில் திறக்கவே கூடாது.

வயதாகி விட்டால், அல்லது கீழே விழுந்தால், முனை கெட்டுப் போகலாம். தன் இடம் தெரியாமல் அது போய்ப் போய் மோதித் திரும்பும். அதுதான் அந்த "டக்... டக்...". சில சமயம் முனை தட்டையே உரசி விடும். உரசிய இடத்தில் பூச்சுப் போய் விடும். பூச்சுப் போன இடத்தில் இருந்த படத்தை எந்த மேதையாலும் திருப்பித் தர முடியாது.

ஒன்று சொல்ல மறந்து விட்டேன். பெட்டி உயிரே இல்லாமல் கிடந்தால் பயப்பட வேண்டாம். சத்தமில்லை, விளக்கில்லை என்றால் பெரும்பாலும் கெட்டது பாட்டரியோ, சார்ஜரோ, மின் பலகையோதான். தட்டு உள்ளே நலமாக இருக்கக் கூடும். அதைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி வேறு கம்ப்யூட்டரில் செருகினால், படமெல்லாம் அப்படியே வந்து நிற்பதும் உண்டு.

வானத்திலிருந்து விழுந்த தட்டு

இனி ஓர் உண்மைச் சம்பவம். கல்பனா சாவ்லாவை எல்லோருக்கும் தெரியும். அரியானா மாநிலம் கர்னாலில் பிறந்த வீராங்கனை. 2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, பூமிக்குத் திரும்பிக் கொண்டிருந்த கொலம்பியா விண்கலம் வானத்திலேயே சிதறியது. கல்பனா உட்பட 7 பேரும் மாண்டார்கள்.

கலத்தின் துண்டுகள் அமெரிக்காவில் டெக்சாஸ் பகுதியெங்கும் விழுந்தன. சுமார் ஆறு மாதம் கழித்து, வறண்ட ஏரி ஒன்றின் தரையில் கிடந்த துண்டுகளுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் அகப்பட்டது. கருகி, உருகி, பார்ப்பதற்கு உலோகக் கட்டி போல் இருந்தது. செனான் என்னும் வாயுவைப் பற்றி விண்வெளியில் நடந்த சோதனையின் கணக்குகள் அதில் இருந்தன.

அதை மின்னசோட்டாவில் உள்ள ஆண்ட்ராக் என்னும் மீட்புக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். உள்ளே மண் புகுந்திருந்தது. தட்டைக் கழற்றினார்கள். மருந்து நீரால் கழுவினார்கள். புதிய உடலில் பொருத்தினார்கள். 99 சதவீதம் கிடைத்து விட்டது! அந்தக் கணக்குகளைக் கொண்டு எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 2008-ல் வெளிவந்தது.

அவ்வளவு உயரத்திலிருந்து நெருப்போடு விழுந்த தட்டு எப்படிப் பிழைத்தது? தட்டு வளைந்து போகவில்லை. அடிபட்டதும் எதுவும் எழுதாத இடத்தில்தான். அதே சிதைவில் அகப்பட்ட வேறு இரண்டு தட்டுகளில் எதுவுமே மிஞ்சவில்லை என்பதையும் சொல்லி விட வேண்டும்.

விண்வெளியிலிருந்து விழுந்தது பிழைத்தது. நம் வீட்டு மேசை மேல் இருப்பது, நாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதால் சாகிறது. இந்த வேடிக்கையை என்னவென்று சொல்வது!

பின் என்ன செய்வது?

சத்தம் கேட்டால், அல்லது பெட்டி திடீரென ஆமை வேகத்தில் நகர்ந்தால், உடனே அணைத்து விடுங்கள். அணைத்தபின் தட்டு மேலும் கெடாது. ஒரு வாரம் யோசிக்கலாம். ஒரு மாதம் பணம் சேர்க்கலாம். அவசரமில்லை.

"புதுசா விண்டோஸ்" மட்டும் வேண்டாம். ஏன்? புத்தகத்தின் முன்பக்கப் பொருளடக்கத்தைக் கிழித்து விட்டால், உள்ளே கதைகள் இருக்கும். எந்தப் பக்கம் என்றுதான் தெரியாது. அழித்த படமும் அப்படித்தான் தட்டில் கிடக்கும். போட்டோரெக் என்னும் இலவச மென்பொருள் பக்கம் பக்கமாகத் தேடி அத்தகைய படங்களைப் பொறுக்கி எடுக்கும். ஆனால் அதே புத்தகத்தின் மேல் வேறொரு கதையை எழுதி விட்டால்? எழுதிய பக்கம் போனது போனதுதான். புதிதாக விண்டோஸ் போடுவது அப்படி மேலே எழுதுவதே ஆகும்.

ஆகவே முதல் வேலை பழுது பார்ப்பது அன்று. நகல் எடுப்பது! பழைய தட்டில் உள்ள அத்தனையையும் அப்படியே இன்னொரு நல்ல தட்டுக்கு மாற்ற வேண்டும். புதிய தட்டு பழையதை விடச் சிறியதாக இருக்கக் கூடாது. பிறகு தேடுவது, துழாவுவது எல்லாம் நகலின் மேல்தான். பழையதை எடுத்து வைத்து விட வேண்டும்.

சாதாரணமாகக் காப்பி செய்தால், கெட்ட இடம் வந்ததும் கம்ப்யூட்டர் அங்கேயே முட்டிக் கொண்டு நிற்கும். அந்த முட்டலில் தட்டு இன்னும் கெடும். டிடிரெஸ்க்யூ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இதுவும் இலவசம். லினக்ஸில் ஓடும். இது நிலக்கடலைக் காட்டு வேலை தெரிந்த மென்பொருள்! செடியைப் பிடுங்கும்போது கையோடு வரும் காயை முதலில் எடுத்துக் கொள்கிறோம். மண்ணில் தங்கி விட்ட காயைக் கொத்தால் கிளறிப் பிறகு பொறுக்குகிறோம். அதே போல, எளிதில் படிக்க முடிந்த இடங்களை எல்லாம் இது முதலில் அள்ளிக் கொள்ளும். கெட்ட இடத்தைத் தாண்டிப் போய் விடும். எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று குறித்தும் வைக்கும். கடைசியில் திரும்பி வந்து, விட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறும். நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சில தட்டுகளுக்கு நாள் கணக்கில் ஆகும்.

இது தெரிந்த ஆள் பக்கத்து ஊரிலேயே இருக்கலாம். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் "டக்... டக்..." என்று மோதும் தட்டுக்கு மென்பொருள் உதவாது. அதைத் தூசியில்லாத தனி அறையில் திறந்து முனையை மாற்ற வேண்டும். அந்த வேலைக்கென்று நிறுவனங்கள் பெங்களூர், சென்னை போன்ற நகரங்களில் உள்ளன. செலவு அதிகம், புதிய லேப்டாப் விலைக்கே கூட வரும். முதலில் சோதித்துப் பார்த்து, எவ்வளவு மீளும், என்ன ஆகும் என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு வேலையை ஒப்படையுங்கள்.

தட்டைப் பிரிட்ஜில் வைத்தால் சரியாகி விடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. செய்யாதீர்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த டம்ளரில் வியர்ப்பது போல உள்ளே ஈரம் கட்டும்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை

வேலை செய்பவர் நம் படங்களை எல்லாம் பார்ப்பாரே என்ற தயக்கம் நியாயமானது. தெரிந்தவரிடம் கொடுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழைய தட்டைக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அவர் கம்ப்யூட்டரில் நகல் எதுவும் தங்காமல் அழிக்கச் சொல்லுங்கள்.

கல்லும் தட்டும்

தர்மபுரியில் உள்ள அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். மாடு மீட்கப் போய் மாண்ட வீரனை, கையில் ஆயுதத்தோடு கல்லில் செதுக்கி, பக்கத்தில் அவன் செய்தியையும் வெட்டியிருப்பார்கள். பல்லவர் காலத்துக் கற்கள் இந்த மாவட்டத்தில் நிறையக் கிடைத்துள்ளன. ஆயிரம் ஆண்டுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற கற்கள் அவை. எழுத்தை இன்றும் வாசிக்கிறார்கள்.

நம் தட்டுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஆகவே ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. விதைக் கேழ்வரகை ஒரே பானையில் வைத்து விட்டு நிம்மதியாக உறங்கும் குடியானவர் உண்டா?

லேப்டாப் இன்னும் ஓடுகிறதா? அப்படியானால் தள்ளிப் போடாதீர்கள். பரணிலிருந்து இறக்குங்கள். முதலில் இறந்தவர்கள் படம். அடுத்து அவர்கள் குரல் உள்ள வீடியோ. பிறகு கலியாணப் படம், சான்றிதழ்கள். இந்த வரிசையில் காப்பி எடுங்கள். சினிமாப் பாட்டு கடைசியில். அது எங்கும் கிடைக்கும்.

ஓடவில்லை என்றால், கடையில் பெட்டியை நீட்டும்போது இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, லேப்டாப் ஓடாட்டியும் பரவாயில்லைங்க. உள்ள இருக்கறது வேணும். எதையும் அழிக்காதீங்க. முதல்ல காப்பி எடுங்க."

கிடைத்ததை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டு அலமாரியில். மற்றொன்றை மகள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொடுத்து அனுப்புங்கள்.