உடன்படிக்கைச் சுட்டியில் ஒரு திகதியைத் தேடுதல்

காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தைப் பற்றி எழுதச் சென்றிருந்தேன். அங்கே ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, காணாமலாக்கின ஆக்களைப் பற்றின சர்வதேச சட்டத்தில அரசாங்கம் கையெழுத்து வைச்சிட்டுது எண்டு சொல்லுறாங்கள். அது என்ர பிள்ளைக்கும் பொருந்துமோ?" அவருடைய மகன் 2009இல் காணாமலாக்கப்பட்டவர். ஊடகக் கற்கையில் பட்டம் பெற்றிருந்தும் என்னிடம் பதில் இருக்கவில்லை. தேடப் போனபோதுதான் சர்வதேச உடன்படிக்கைகளுக்கான சுட்டிகளின் பெறுமதி விளங்கியது.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் வல்லரசுகள் இரகசியமாக ஒப்பந்தம் செய்து மற்றவர்களின் நிலங்களைப் பங்கிட்டன. பிரித்தானியாவும் பிரான்சும் மத்திய கிழக்கைப் பிரித்துக்கொண்ட சைக்ஸ் - பீக்கோ ஒப்பந்தம், 1917இல் ரஷ்யாவில் ஆட்சிக்கு வந்த போல்ஷெவிக்குகள் அதை வெளியிட்டபோதே உலகுக்குத் தெரியவந்தது. இதன் பின்னர் உருவான சர்வதேச சங்கம், தன்னிடம் பதியப்படாத உடன்படிக்கை எவரையும் கட்டுப்படுத்தாது என்று விதித்தது. பதியப்பட்டவை 205 தொகுதிகளாக வெளியாகின. 1945இன் ஐ.நா. சாசனத்தின் 102ஆவது உறுப்புரையும் பதிவைக் கட்டாயமாக்கியது. பதியப்படாத உடன்படிக்கையை ஐ.நா.வின் எந்த அங்கத்தின் முன்னும் அதன் தரப்பினர் எடுத்துக்காட்ட முடியாது.

ஆனால் அச்சிட்ட தொகுதிகள் குவியக் குவிய, தேவையானதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடானது. ஆகவே திகதி, நாடு, விடயம் என்ற வழிகளில் தேடக்கூடிய சுட்டித் தொகுதிகளை ஐ.நா. வெளியிட்டது. அமெரிக்க அறிஞர் பீட்டர் ரோன் கணினியின் துணையோடு தொகுத்த 'உலக உடன்படிக்கைச் சுட்டி' 1974இல் வந்தது. இன்று ஐ.நா.வின் உடன்படிக்கைத் திரட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம்.

அதன் நான்காம் அத்தியாயம் மனித உரிமைகளுக்குரியது. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான சமவாயம் அங்கே 16ஆம் இலக்கத்தில் இருக்கிறது. இலங்கை கைச்சாத்திட்டது 2015 டிசம்பர் 10. பின்னுறுதிப்படுத்தியது 2016 மே 25. முப்பதாம் நாளில், ஜூன் 24இல், அது இலங்கைக்கு நடைமுறைக்கு வந்தது. சமவாயத்தின் 35ஆவது உறுப்புரையின்படி, அதன் குழு அத்திகதிக்குப் பின்னர் தொடங்கிய சம்பவங்களையே விசாரிக்கலாம். 2009 அதற்குள் வராது.

அதே அத்தியாயத்தில் இன்னொரு பதிவும் உண்டு. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் 1980இல் இணைந்த இலங்கை, தனிநபர் முறைப்பாட்டுக்கு இடமளிக்கும் அதன் விருப்பத்துக்குரிய நெறிமுறையில் 1997 ஒக்டோபர் 3இல் இணைந்தது. 1990இல் திருகோணமலையில் இராணுவத்தினர் கொண்டுசென்ற தன் மகனுக்காக ஒரு தந்தை அதன்கீழ் முறைப்பாடு செய்தார். காணாமலாக்கப்படுதல் தொடர்கின்ற மீறல் என்பதால் அது ஏற்கப்பட்டது. இலங்கை உடன்படிக்கையை மீறியிருக்கிறது என்று ஐ.நா. மனித உரிமைகள் குழு 2003இல் தீர்மானித்தது.

இதிலும் தடைகள் உண்டு. உள்நாட்டில் கிடைக்கும் பரிகாரங்களை முதலில் நாடியிருக்க வேண்டும். குழுவின் தீர்மானம் நீதிமன்றத் தீர்ப்பல்ல. அந்த நெறிமுறையில் இலங்கை இணைந்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் 2006இல் கூறியது. என்றாலும் சுட்டியிலுள்ள பதிவு அப்படியே இருக்கிறது.

திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் இரண்டையும் சொன்னேன். முதலாவதைக் கேட்டு அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவதைக் கேட்டதும், மகனின் படம் வைத்திருந்த கோவையைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். "அந்தத் திகதியை இதில எழுதித் தாங்கோ தம்பி. அடுத்தமுறை ஆராவது வந்தால் காட்டிக் கேப்பம்."