அடுப்படிக்கு அளவு எடுத்தது யார்?

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டி ஆம்பூர் பக்கம் போகிற கம்பெனி பஸ்களும் வேன்களும் காலை நேரத்தில் காலனி முனைகளில் நின்று ஆள் ஏற்றிக்கொள்கின்றன. ஏறுகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். ஷூ கம்பெனியில் தையல், ஒட்டு, பேக்கிங் என்று நாள் முழுக்க நின்றோ குனிந்தோ செய்கிற வேலை. பஸ் வருவதற்குள் சோறு வடித்து, குழம்பு வைத்து, பிள்ளைகளுக்கும் தனக்கும் டிபன் கட்டி, ராத்திரிப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்திருக்க வேண்டும். அத்தனையும் நடக்கிற இடம், பல வீடுகளில் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுகிற அளவுதான்.

இந்தப் பகுதியில் பட்டா, சுடுகாட்டுப் பாதை, டீக்கடைக் குவளை என்று எழுத வேண்டியவை ஏராளம். அடுப்படியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். காலனி வீட்டின் அடுப்படி தானாகச் சின்னதாகிவிடவில்லை. மூன்று சென்ட் மனை, அரசுத் திட்டத்தின் சதுர அடி, மேஸ்திரியின் கை அளவு என்று ஒவ்வொன்றும் வெளியில் இருந்து வந்தது. அதற்குள் தினமும் நிற்கிறவரை யாரும் கேட்கவில்லை.

ஆதிதிராவிடர்களுக்கு வீடு கட்டித் தருவதற்காகத் தமிழ்நாட்டில் தாட்கோ தொடங்கப்பட்டது 1974-ல். பிறகு இந்திரா குடியிருப்புத் திட்டம் வந்தது. அதன் விதியில் வீட்டின் அளவு 20 சதுர மீட்டர், அதாவது 215 சதுர அடி. 2016-ல் அதன் இடத்தில் வந்த பிரதமரின் ஊரக வீடு திட்டத்தில் 25 சதுர மீட்டர். சமையல் இடமும் அதற்குள் அடக்கம். 2011-ல் தமிழக அரசு கொண்டுவந்த பசுமை வீடு 300 சதுர அடி. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி. வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்துத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஹால் எவ்வளவு, படுக்கை அறை எவ்வளவு, கழிப்பறை எங்கே என்று பிரித்த பிறகு மிஞ்சுகிற மூலைதான் எப்போதும் அடுப்படிக்கு.

இதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. இந்திரா குடியிருப்புத் திட்டத்திலேயே வீட்டின் வரைபடத்தைப் பயனாளி மேல் திணிக்கக் கூடாது, குறைந்தபட்ச அளவு மட்டும் இருந்தால் போதும் என்று எழுதி வைத்திருந்தார்கள். காண்ட்ராக்டரை விடக் கூடாது என்பதும் விதி. ஊர்ப்பக்கம் நடந்தது வேறு. ஒரே அச்சில் வார்த்த வீடுகள், ஒரே பக்கம் கதவு, ஒரே பக்கம் ஜன்னல். அந்த ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். புகை வெளியே போகாது என்பதோடு, அடுத்த வீட்டில் அடிக்கிற தாளிப்பும் நம் வீட்டுக்குள் வந்துவிடும்.

இங்கே அடுப்படியின் இடத்தை முதலில் பிடித்துக்கொள்வது அடுப்பு அல்ல, தண்ணீர். பாலாற்றங்கரை ஊர்தான் பள்ளிகொண்டா. ஆனால் தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் எந்த நிலைக்கு வந்தது என்பதை 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதற்குப் பிறகும் பிரச்சினை தீராமல், 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் போர் தண்ணீர் துணி துவைக்க, குழாய்த் தண்ணீர் குடிக்க, வராத நாளுக்குக் கேன் தண்ணீர் என்று மூன்று விதமாகத் தண்ணீரைப் பிரித்து வைத்திருக்கிற வீடுகள் உண்டு. பத்துக் குடமும் ஒரு டிரம்மும் வைத்தால் ஆறுக்கு ஏழு அடி அறையில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நகரத்துப் பத்திரிகைகள் தருகிற 'சின்ன கிச்சன் டிப்ஸ்' எதிலும் குடம் வராது. அவர்கள் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது.

அடுத்தது களி. நம் வட ஆற்காட்டுச் சாப்பாட்டில் கேழ்வரகுக் களிக்கு இருக்கிற இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. களி கிண்டுவதற்குப் பானையைத் தரையில் இறக்கி, அசையாமல் பிடித்து, துடுப்பை இரண்டு கையாலும் பற்றி உடம்பின் பலத்தைக் கொடுத்துக் கிண்ட வேண்டும். முழங்கை இரண்டு பக்கமும் விரிய வேண்டும். இடுப்பு உயர மேடையில், முட்டினால் சுவர் என்கிற இடத்தில் இது நடக்காது. அதனால்தான் பல வீடுகளில் உள்ளே கேஸ் அடுப்பும் மேடையும் இருக்க, பின்பக்கச் சாய்ப்பில் மண் அடுப்பு ஒன்று கொடியடுப்போடு தனியாக இருக்கிறது. பார்க்க வருகிற அதிகாரிகள் இதை 'பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை' என்று குறித்துக்கொள்கிறார்கள். நாம் பார்த்தவரை, வரைபடம் விட்டுவிட்டதைப் பெண்கள் தம் கைக்காசில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

புகை மட்டும் அதில் விலக்கு இல்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. 1980-களில் இருந்தே புகையில்லா அடுப்பு என்று ஒன்றை அரசுத் திட்டங்களில் சேர்த்தார்கள். குழாயில் கரி அடைத்துக்கொண்டால் தட்டிவிட ஆள் இல்லை. கூரையில் குழாய் போட்ட ஓட்டை வழியாக மழைக்கு ஒழுகினால் அதை அடைத்துவிட்டு அடுப்பையும் இடித்துவிடுவார்கள். விறகு அடுப்பு வேண்டும் என்றால் மூன்று பக்கம் திறந்த சாய்ப்பில் வைப்பதுதான் இன்றைக்கும் நல்ல வழி. உள்ளே வைத்தே ஆக வேண்டும் என்றால் அடுப்புக்கு நேர் மேலே, கூரையை ஒட்டி, ஒரு வரிசைச் செங்கல்லை எடுத்துவிட்டு ஜாலி கல் வையுங்கள். எதிர்ப்பக்கக் கதவுக்கு அடியிலும் காற்று வர வழி இருந்தால் புகை தானாக மேலே ஏறிப் போகும்.

மேடை உயரத்தை மேஸ்திரி தன் இடுப்புக்கு அளந்து கட்டிவிடுகிறார். நிற்கப்போவது அவர் அல்ல. நேராக நின்று முழங்கையை மடக்கினால் எங்கே வருகிறதோ, அதற்கு நாலு விரற்கடை கீழே காய் நறுக்கும் பலகை இருந்தால் தோள் வலிக்காது. அடுப்பு வைக்கும் கல் அதைவிடவும் தாழ்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அடுப்பும் பாத்திரமும் சேர்ந்து மேலும் உயரும். மேடை ஏற்கெனவே உயரமாகப் போய்விட்ட வீட்டில் காலுக்குப் பலகை போட்டு ஏறி நிற்கிறார்கள். கொதிக்கிற குழம்போடு இறங்கும்போது தடுக்கும். அதைவிடக் காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையும் தரையில் உட்கார்ந்து அரிவாள்மணையோடு செய்வதே மேல். எட்டு மணி நேரம் நின்று வந்த காலுக்கு அது ஓய்வும் கூட.

2011-க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் வீடுதோறும் இலவசமாக வந்தன. ஆட்டுக்கல்லில் இருந்து கைகளை விடுவித்த நல்ல திட்டம். ஆனால் கிரைண்டரை எங்கே வைப்பது? அடுப்படியில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான், அதுவும் மேடைக்கு மேலே. பல வீடுகளில் கிரைண்டர் ஹாலில் டிவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இது பரவாயில்லை. குடத்துக்குப் பக்கத்தில், ஈரத் தரையில், நீட்டிப்பு ஒயர் இழுத்து அரைப்பதுதான் ஆபத்து. ஹாலிலேயே அரையுங்கள், மாவை மட்டும் உள்ளே கொண்டு போங்கள்.

சிலிண்டர் விஷயத்திலும் இதேபோல் ஒன்று. இடம் மிச்சம் என்று மேடைக்கு அடியில் கதவு போட்ட பெட்டிக்குள் வைக்கிறோம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய பெட்டிக்குள் தேங்கினால் ஒரு தீக்குச்சி போதும். கதவைக் கழற்றிவிட்டு, சுவரின் அடியில் காற்று போக ஒரு ஓட்டை விடுங்கள். சிலிண்டர் நேராக நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும், ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு என்றால் கூப்பிட வேண்டிய எண் 1906. வீட்டில் ஷூ மேல்பாகம் வாங்கிவந்து தைக்கிறவர்கள், பசை டின் எதையும் இந்தப் பக்கமே வைக்கக் கூடாது. தோல் கட்டு ஹாலை அடைத்துக்கொள்வதால் அடுப்படிச் சாமான் வெளியே வரவும் வழியில்லை என்பது அவர்களுடைய தனிக் கஷ்டம்.

சுவர்தான் சின்ன அடுப்படியின் உண்மையான நிலம். பாட்டி காலத்து உறியை ஏளனமாக நினைக்க வேண்டாம். தரையில் ஒரு பாத்திரத்தின் இடத்தை மிச்சம் பிடிக்கும், பூனைக்கும் எட்டாது. கடப்பா கல் அலமாரிக்கு ஆழம் ஒரு சாண் போதும். ஆழம் கூடினால் பின்னால் போன டப்பா பொங்கலுக்குத்தான் வெளியே வரும். பரண் கட்டுவது என்றால் வாசற்படிக்கு மேலே கட்டுங்கள், அடுப்புக்கு மேலே வேண்டாம். பாத்திரம் கழுவும் இடத்தைப் புழக்கடைக்குத் தள்ளிவிட்டால் உள்ளே பாதி ஈரம் குறையும். அந்தத் தண்ணீரில் ஒரு வாழையும் கருவேப்பிலையும் வளரும்.

படிக்கிற பிள்ளைகளுக்கு இந்த இடம் இன்னொன்றாகவும் இருக்கிறது. எல்லோரும் ஹாலில் படுத்த பிறகு விளக்குப் போட்டுக்கொள்ள முடிகிற ஒரே மூலை அடுப்படிதான். பிளஸ் டூ பாடம் குடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவில் நடக்கிறது. மும்பை பரேல் பகுதிச் சால் ஒன்றில், சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் ஒரே அறை என்கிற நிலையில்தான் அம்பேத்கரும் பள்ளிப் படிப்பை முடித்தார். மகன் முதலில் தூங்கட்டும் என்று அப்பா விழித்திருப்பார். பின்னிரவில் அவரை எழுப்பிவிட்டு, தான் அந்த இடத்தில் படுத்துக்கொள்வார். பின்னாளில் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டியபோது, புத்தகங்களுக்கு இடம் வைத்தே திட்டமிட்டார். இடம் இல்லாமல் படித்தவருக்குத்தான் இடத்தின் அருமை தெரிகிறது.

அளந்து கட்டினால் சின்ன இடமும் வேலை செய்யும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்று உண்டு. 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்கிற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். ஆறேகால் அடி அகலம், பதினோரு அடி நீளம். ரயில் பெட்டிச் சமையலறையை முன்மாதிரியாக வைத்து, ஒரு பெண் எத்தனை எட்டு நடக்கிறாள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார். ஆயிரக்கணக்கான வீடுகளில் அது வந்தது. வேடிக்கை, அதுவரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னால் சொன்னார். அந்த அறையில் ஒருவர்தான் நிற்க முடியும் என்று பிறகு புகாரும் எழுந்தது. நம் காலனிகளில் அம்மா ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், மாமியார் வாசற்படியில் என்று மூன்று பேர் சேர்ந்துதான் காலை வேலையை முடிக்கிறார்கள். அளவு எடுக்க வேண்டியது இந்த மூன்று பேரையும் வைத்து.

சின்னதாக இருந்தாலும் சொந்த அடுப்படி வேண்டும் என்று நம் பெண்கள் பிடிவாதமாக இருப்பதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. நகரத்தில் வாடகைக்கு வீடு தேடினால், பெயருக்கு அடுத்த கேள்வி 'என்ன சமைப்பீங்க?' என்பதுதான். 2022 மே மாதம் ஆம்பூரில் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டிறைச்சி பிரியாணிக்கு அதில் இடமில்லை என்றானது. எதிர்ப்புக் கிளம்பியது, மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது, மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவே தள்ளிப்போனது. இரண்டு இடத்திலும் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். காலனியில் சொந்த வீட்டில் உப்புக்கண்டம் காயப்போட்டால் யாரும் வந்து கேட்பதில்லை.

இப்போது கனவு இல்லத்துக்குப் பெயர் வந்திருக்கிறவர்கள், அல்லது வரப்போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது. 3.50 லட்சம் ரூபாயில் கட்டுகிற அந்த 360 சதுர அடியில், 300 சதுர அடிதான் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரை போட்டுக்கொள்ளலாம். பத்துக்கு ஆறு அடி. இதைப் பலர் முன்பக்கத் திண்ணையாக்கி விடுகிறார்கள். பின்பக்கம் வைத்தால் களி அடுப்பும் குடமும் கழுவும் இடமும் அதில் அடங்கிவிடும். உள்ளே இருக்கிற சமையலறை கேஸ் அடுப்புக்குப் போதும்.

பயனாளிப் பட்டியலைப் படிக்கிற கிராம சபைக்கு ஆண்கள் மட்டும் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரக் கூடாது. பள்ளிகொண்டா பேரூராட்சி, அங்கே கிராம சபை கிடையாது, பேரூராட்சி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். சுற்றியுள்ள அணைக்கட்டு ஒன்றிய ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது.

கடைக்கால் தோண்டுவதற்கு முந்தின நாள், மனையில் சுண்ணாம்புப் பொடியால் அடுப்படிக்குக் கோடு போடுங்கள். வீட்டில் இருக்கிற அத்தனை குடத்தையும், கிரைண்டரையும், சிலிண்டரையும் தூக்கி வந்து கோட்டுக்குள் வையுங்கள். அம்மாவும் மகளும் உள்ளே நின்று, ஒருவர் களி கிண்டுவதுபோலவும் ஒருவர் காய் நறுக்குவதுபோலவும் செய்து பாருங்கள். முழங்கை கோட்டைத் தாண்டினால் கோட்டை அழித்து அரை அடி தள்ளிப் போடச் சொல்லுங்கள். மேஸ்திரி முணுமுணுப்பார். அன்றைக்குச் சுண்ணாம்பு மட்டும்தான் செலவு.