ஔவையார் ஆன சிறுவன்

தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலை அடிவாரத்துத் தண்ணீர்ப் பந்தல்களில் கே.பி.சுந்தராம்பாளின் குரல் எப்படியும் ஒரு முறையாவது ஒலிக்கும். ஔவையார் என்றதும் நம்மவர் மனத்தில் எழுவதும் அவர் முகம்தான். 1953-இல் ஜெமினி தயாரித்த படம் அப்படிப் பதிந்துவிட்டது. ஆனால் நாடக உலகில் ‘ஔவை’யைத் தம் பெயருக்கு முன்னால் பட்டமாகத் தாங்கியவர் ஓர் ஆண். அவர் தி.க.சண்முகம். அதற்கும் முன்பு அவர் தமிழகம் கொண்டாடிய குழந்தை நடிகர்.

1912-இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர் அவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண் வேடங்களில் பேர் வாங்கிய நடிகர்தான். 1918-இல், ஆறே வயதில், அண்ணன்மாருடன் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சண்முகம் சேர்க்கப்பட்டார். அங்கே நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள்.

ஏன் சிறுவர்கள்? பெரிய நடிகர்கள் மேடையில் தம் இஷ்டத்துக்குப் பேசுவார்கள். ஒருவரை ஒருவர் பாட்டில் மடக்குவார்கள். ஆசிரியர் எழுதிய கதை எங்கோ போய்விடும். பிள்ளைகளோ சொல்லிக் கொடுத்ததை வரி பிசகாமல் ஒப்பிப்பார்கள். கம்பெனி வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை, பாடம், அடி எல்லாம். ராத்திரி நாடகம், பகலில் ஒத்திகை, பிறகு அடுத்த ஊர். பள்ளிக்கூடம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்னாளில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் இப்படிப்பட்ட பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்களே.

சண்முகத்தின் திறமையைக் கண்ட சுவாமிகள், அந்தப் பிள்ளைக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. ஒரு குழந்தை நடிகனுக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடைக்குமா என்ன!

ஆனால் அந்தப் புகழுக்கு ஒரு கெடு இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆர்மோனியத்துக்கு ஈடாக உச்சத்தில் பாடினால்தான் கடைசி வரிசைக்குக் கேட்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஆண்பிள்ளைகளின் குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் உடையும். நாடகக்காரர்கள் இதை ‘மகரக்கட்டு’ என்பார்கள். நேற்றுவரை ராஜபார்ட்டாகப் பாடிய பையன் இன்று வாயைத் திறந்தால் கரகரப்புத்தான். குரலை நம்பி வந்தவனுக்கு அதன்பிறகு என்ன வழி? கைத்தொழில் இல்லை, படிப்பும் இல்லை. அப்படிக் காணாமல் போன பிள்ளைகளின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை.

சுவாமிகள் பக்கவாதத்தால் பேச்சிழந்து, 1922-இல் புதுச்சேரியில் காலமானார். 1925-இல் சகோதரர்கள் ‘மதுரை ஸ்ரீபால சண்முகானந்த சபை’ என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். தம்பியின் பெயரே கம்பெனிக்கு. சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று வயது. சரியாகக் குரல் உடைகிற பருவம்! வெளிக்கம்பெனியில் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சொந்த மேடையில் அவருக்கு அவகாசம் இருந்தது. எம்.கந்தசாமி முதலியார் வந்து, பாட்டைக் குறைத்து, வசனத்தையும் நடிப்பையும் முன்னுக்குக் கொண்டுவந்த சமூக நாடகங்களைப் பயிற்றுவித்தார். அவற்றுள் ‘மேனகா’ 1935-இல் திரைப்படமும் ஆனது. இனி சண்முகம் குழந்தைக் குரலை நம்பிப் பிழைக்க வேண்டியதில்லை.

முப்பது வயதை ஒட்டி அவர் ஏற்ற கிழவி வேடம்தான் ஔவையார். தந்தையைப் போலவே பெண் வேடம். ஆனால் இந்த முறை கூனல் முதுகும் கைக்கோலும்.

1971-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1972-இல் ‘எனது நாடக வாழ்க்கை’ நூல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் எப்படி உண்டார்கள், எப்படி உறங்கினார்கள், எதற்கு அடி வாங்கினார்கள் என்று அறிய விரும்புவோர் இன்றும் அந்த நூலைத்தான் புரட்டுகிறார்கள்.