கடல் சாமந்தி, பவளம், மட்டி ஆகிய மூன்றும் ஒரே தொட்டியில் வாழுமா? கடல்நீர் மீன்தொட்டி வளர்ப்போர் அறிய வேண்டியவை

வீட்டு வரவேற்பறையில் கடல்நீர் மீன்தொட்டி அமைக்க விரும்புவோர் பலரின் மனத்தில் முதலில் தோன்றுவது, அசைந்தாடும் கைகளுக்கு நடுவே கோமாளி மீன் ஒளிந்து விளையாடும் காட்சியே. அந்தக் கைகளுக்கு உரிய உயிரினம் கடல் சாமந்தி எனப்படும் கடல் அனிமோன். பூவைப் போலத் தோன்றினாலும் இது இடம்பெயரும், கொட்டும், இரையுண்ணும் விலங்கு ஆகும். பவளங்களும் மட்டிகளும் உள்ள தொட்டியில் இதனைச் சேர்க்கும் முன் அதன் இயல்பு, பராமரிப்பு, இந்தியச் சட்டத்தின் நிலை ஆகிய மூன்றையும் அறிந்துகொள்வது அவசியம்.

நீண்ட ஆயுள் கொண்ட விலங்கு

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இயற்கையியலாளர் ஜான் கிரகாம் டாலியெல், 1828ஆம் ஆண்டு கடற்கரையில் இருந்து ஒரு கடல் சாமந்தியை எடுத்து வந்து கண்ணாடிக் குடுவையில் வளர்த்தார். அவர் 1851இல் மறைந்த பின்னரும் அது பிறரது பராமரிப்பில் வாழ்ந்து, 1887ஆம் ஆண்டில்தான் இறந்தது. 'பாட்டி' என்ற செல்லப்பெயரும் அதற்கு வழங்கப்பட்டது. அது குளிர்க்கடலைச் சேர்ந்த எளிய இனம். எனினும், கடல் சாமந்திகள் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை என்பதற்கு அது சான்றாக உள்ளது. ஆகவே, வீட்டுத் தொட்டியில் ஒரு கடல் சாமந்தி சில மாதங்களில் இறந்தால் அதற்கு முதுமை காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வாங்கும்போதே அது நலிந்திருக்க வேண்டும் அல்லது தொட்டியின் சூழல் அதற்கு ஒவ்வாததாக இருக்க வேண்டும்.

ஒற்றுமையும் முரண்பாடும்

கோமாளி மீன்களுக்குப் புகலிடம் தரும் வெப்பக்கடல் சாமந்திகள், பாறை உருவாக்கும் பவளங்கள், ராட்சத மட்டிகள் ஆகிய மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றின் உடல் திசுக்களிலும் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை மூலம் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி அந்த விலங்குகளுக்குக் கிடைக்கிறது. எனவே மூன்றுக்கும் வலுவான ஒளியும் தூய்மையான, நிலையான நீரும் தேவை. இவற்றை ஒன்றாக வளர்க்கலாம் என்ற எண்ணம் எழுவதற்கு இதுவே காரணம்.

ஆனால், பவளம் ஓரிடத்தில் நிலைத்திருப்பது. மட்டியும் நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றியோ மணலில் அமர்ந்தோ பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கும். கடல் சாமந்தி அவ்வாறு இருப்பதில்லை. ஒளி, நீரோட்டம், நீரின் தரம் ஆகியவை பிடிக்காவிட்டால் பாதத்தை விடுவித்துக்கொண்டு ஊர்ந்து செல்லும். செல்லும் வழியில் அதன் கைகளில் உள்ள கொட்டும் செல்கள் பவளங்களைத் தீய்க்கின்றன. மட்டியின் ஓட்டுக்கு வெளியே விரிந்திருக்கும் வண்ணச் சதைப்படலம் மீண்டும் மீண்டும் தீண்டப்பட்டால், மட்டி ஓட்டைத் திறக்க இயலாமல் ஒளியின்றி நலிந்து இறக்க நேரிடும்.

எந்த இனம், எங்கே வைப்பது?

குமிழ் முனைச் சாமந்தி எனப்படும் என்டக்மேயா குவாட்ரிகலர், வீட்டுத் தொட்டிக்கு ஓரளவு பொருந்தும் இனமாகக் கருதப்படுகிறது. இதுவும் சுமார் 30 சென்டிமீட்டர் விட்டம் வரை வளரக்கூடியது. தன் உடலையே இரண்டாகப் பிளந்து பெருகும் இயல்பும் இதற்கு உண்டு. கம்பளச் சாமந்தி இனங்கள் இதைவிடப் பெரிதாக வளர்வதுடன், தொட்டியில் உள்ள மீன்களையும் பிடித்து உண்ணக்கூடியவை. பவளத் தொட்டிக்கு அவை ஏற்றவை அல்ல.

தொட்டி அமைத்து ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கடந்து, நீரின் தன்மை நிலைபெற்ற பின்னரே கடல் சாமந்தியைச் சேர்க்க வேண்டும். அதனை முதலில் விட்டு, அது தனக்கான இடத்தைத் தேர்ந்து நிலைத்த பின் மற்றவற்றை உரிய இடைவெளியில் வைப்பது நல்லது. நாற்புறமும் மணல் சூழ்ந்த தனிப்பாறையில் அமர்த்தினால் அது பவளங்களை நோக்கி நகரும் வாய்ப்பு குறைகிறது. நீரோட்டத்துக்கான பம்புகளின் உறிஞ்சும் பகுதியை நுரைப்பஞ்சு அல்லது வலையால் மூடுவது கட்டாயம். ஊர்ந்து சென்று பம்பில் சிக்கிச் சிதைவது தொட்டிகளில் கடல் சாமந்திகள் இறப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

நீரும் வெப்பமும்

நீரின் வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், உப்படர்த்தி 1.025, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் என்பவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவுகள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சிறிதும் இருக்கக் கூடாது. பவளமும் மட்டியும் ஓடு, கூடு கட்டுவதற்கு நீரில் உள்ள கால்சியத்தை எடுத்துக்கொள்வதால், அதனை வாரந்தோறும் அளந்து ஈடுசெய்ய வேண்டும்.

கோடைக்காலத்தில் இந்திய நகரங்கள் பலவற்றில் வெப்பம் 40 டிகிரியை நெருங்குகிறது. குளிரூட்டும் கருவி இல்லாத தொட்டியில் நீர் சூடேறினால், கடலில் நிகழ்வதைப் போலவே நுண்பாசிகள் வெளியேறி இம்மூன்றும் வெளுத்துவிடும். மின்தடை நேரத்தில் நீரோட்டம் நின்று ஆக்சிஜன் குறையும் என்பதால் மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு கைவசம் இருக்க வேண்டும்.

மீன்களின் வெண்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்துகள் பயன்படுத்தப்படுகின்றன. கடல் சாமந்தி, பவளம், மட்டி ஆகிய மூன்றுக்கும் தாமிரம் நஞ்சு. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றியே சிகிச்சை அளிக்க வேண்டும்.

ஒன்று இறந்தால் மற்றவற்றுக்கும் ஆபத்து

வாய் அகலத் திறந்தே இருப்பது, கைகள் துவண்டு தொங்குவது, பாதம் எதையும் பற்றாமல் மிதப்பது, துர்நாற்றம் ஆகியவை கடல் சாமந்தி இறந்துகொண்டிருப்பதன் அறிகுறிகள். அதன் மென்மையான உடல் விரைவில் அழுகி அம்மோனியாவைப் பெருக்கும். சிறிய தொட்டியில் ஓரிரவிலேயே மற்ற உயிர்களும் மடியக்கூடும். இறந்ததை உடனே அகற்றி, நீரின் ஒரு பகுதியை மாற்றி, வடிகட்டியில் செயலூட்டிய கரியை இட வேண்டும். தொட்டிக்குள் கைவிடும்போது கையுறை அணிவது பாதுகாப்பானது.

சட்டம் சொல்வது என்ன?

இந்தியாவில் இந்த ஆர்வத்துக்குச் சட்டம் தெளிவான எல்லை வகுத்துள்ளது. பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார் கடல்களில் வாழும் ராட்சத மட்டிகளும் இச்சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். கல் பவளங்களும் ராட்சத மட்டிகளும் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் இடம்பெற்றுள்ளன. 'வெளிநாட்டு இறக்குமதி' என விற்பனையாளர் கூறுவது மட்டும் போதுமானதல்ல. கடல்சார் தேசியப் பூங்காக்களின் எல்லைக்குள் இருந்து கடல் சாமந்தி உட்பட எந்த உயிரினத்தையும் அனுமதியின்றி எடுப்பதும் குற்றமாகும்.

மாற்று வழி

கோமாளி மீனுக்காகவே கடல் சாமந்தியை வாங்குவோர் ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். கடலில் எதிரிகளிடமிருந்து தப்பிக்கவே அந்த மீனுக்குச் சாமந்தி தேவைப்படுகிறது. எதிரிகள் இல்லாத தொட்டியில் அது இன்றியே கோமாளி மீன் நலமாக வாழ்ந்து முட்டையும் இடும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. பொரிப்பகத்தில் பிறந்த ஓரிணை கோமாளி மீன்களுடனும் செயற்கைப் பாறைகளுடனும் தொடங்குவது புதியவர்களுக்கு எளிது. பவளப்பாறைகளுக்கும் அதனால் இழப்பு நேராது.