விமானம் சொல்லும் உயரத்தை நம்பலாமா? டிரான்ஸ்பாண்டர் சோதனை ஏன் கட்டாயம்?

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நிற்கிறீர்கள். தலைக்கு மேலே ஒரு விமானம் போகிறது. மொபைலில் ஃப்ளைட்ரேடார்24 ஆப்பைத் திறந்தால் எங்கிருந்து வருது, எத்தனை அடி உயரத்தில் போகுது என எல்லாம் வந்துவிடும். சரி, அந்த உயரத்தை அளந்தது யார்?

தரையில் இருந்து யாரும் அளக்கவில்லை. அது விமானம் தானே சொல்லும் கணக்கு. மீனம்பாக்கத்தில் விமானங்களை வழிநடத்தும் அதிகாரியின் திரையில் தெரிவதும் அதே கணக்குதான். அதனால்தான் 4 பேர் போகும் குட்டி விமானத்துக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை கருவிச் சோதனை தேவைப்படுகிறது. மளிகைக்கடைத் தராசுக்கு முத்திரை போடுற மாதிரி!

டிரான்ஸ்பாண்டர் என்ன செய்கிறது?

தரையில் உள்ள ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் 'யார் நீ, எவ்வளவு உயரம்?' என்று கேட்கும். டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் அனுப்பும். 'யார்' என்பதற்கு 4 இலக்க எண். பைலட் அதை 7700 என மாற்றினால் அவசர நிலை, 7500 என்றால் கடத்தல்.

உயரம் எங்கிருந்து வருகிறது? விமானத்தின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருக்கும். அதன் வழியே வெளிக்காற்றின் அழுத்தம் கருவிக்குப் போகும். மேலே போகப் போக அழுத்தம் குறையும், முள் நகரும். அந்தத் துளையில் குளவி மண்கூடு கட்டினாலோ, மழைநீர் புகுந்தாலோ கணக்கு மொத்தமும் தப்பாகிவிடும்.

லிமாவில் என்ன நடந்தது?

1996 அக்டோபர் 2. பெரு நாட்டின் லிமாவில் இருந்து ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 நள்ளிரவில் கிளம்பியது. விமானத்தைச் சுத்தம் செய்தபோது அந்தத் துளைகள் மேல் ஒட்டிய டேப்பை எடுக்க மறந்துவிட்டார்கள். கருவிகள் தாறுமாறாகக் காட்டியதும் விமானிகள் தரையிடம் உயரம் கேட்டார்கள். 9,700 அடி என்று பதில் வந்தது. அதுவும் அதே விமானம் அனுப்பிய தப்பான எண்தான்! உண்மையில் கடல் மிக அருகில் இருந்தது. 70 பேரும் பலியானார்கள்.

அடுத்த 41-வது நாள், நவம்பர் 12, நம் நாட்டில் ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். கஜக் விமானம் தனக்குச் சொன்ன 15,000 அடிக்கும் கீழே இறங்கியிருந்தது. டெல்லியில் அப்போது இருந்த ரேடாரில் உயரமே தெரியாது. மோதலை எச்சரிக்கும் டிகாஸ் கருவி இந்தியாவில் கட்டாயமானது அதன்பிறகுதான். அந்த டிகாஸும் எதிரே வரும் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரை நம்பித்தான் வேலை செய்கிறது.

சோதனை எப்படி நடக்கும்?

விமானம் ஹேங்கரிலேயே நிற்கும். துளைகளில் குழாய் மாட்டி, பம்ப் மூலம் காற்றை உறிஞ்சுவார்கள். நின்ற இடத்திலேயே முள் 10,000 அடி காட்டும். அமெரிக்க விதிப்படி அந்த உயரத்தில் 80 அடிக்கு மேல் பிழை இருக்கக்கூடாது. டிரான்ஸ்பாண்டர் அனுப்பும் உயரமும் முள் காட்டுவதும் 125 அடிக்குள் ஒத்துப்போகணும். அங்கே இந்தச் சோதனைக்குக் கெடு 24 மாதம்.

இதில் ஒரு வேடிக்கை. ஹேங்கரில் நின்றபடி '10,000 அடி' என அனுப்பும் சிக்னல் வெளியே கசிந்தால், மேலே பறக்கும் நிஜ விமானத்தில் டிகாஸ் அலறிவிடும். அதனால் ஆன்டெனாவை மூடிவிட்டுத்தான் சோதிப்பார்கள்.

இந்தியாவில் டிஜிசிஏ ஒப்புதல் கொடுத்த பராமரிப்புத் திட்டப்படி, உரிமம் பெற்ற பொறியாளர்தான் இதைச் செய்து கையெழுத்துப் போடணும். பறக்கத் தகுதியானதா என்ற மறுஆய்வுச் சான்று ஆண்டுக்கு ஒருமுறை.

'பைலட்டே பார்த்துக்க மாட்டாரா?' என்று கேட்கலாம். பார்ப்பார். மீனம்பாக்கம் ஓடுபாதை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 50 அடி. கிளம்பும் முன் அன்றைய காற்றழுத்தத்தைச் செட் செய்ததும் முள் அதை ஒட்டிக் காட்டணும். ஆனா அது தரையில் சரி என்பதற்கு மட்டும்தான் சாட்சி. 10,000 அடியில் என்ன காட்டும் என்பது பம்ப் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.